கையொப்பமிடும் உரிமை: உள்ளாட்சிக் கொள்முதலும் வரிவிலக்குச் சான்றிதழும்

உள்ளாட்சி நிதி என்றவுடன் நம் ஆய்வாளர்களின் கண் வரவுப் பக்கத்தில்தான் விழுகிறது. சொத்து வரி, மாநில நிதி ஆணையம், மத்திய நிதி ஆணையத்தின் மானியம் ஆகியவை குறித்து எழுதப்பட்டவை ஏராளம். செலவுப் பக்கத்தில் ஒளிந்திருக்கும் ஒரு கேள்வி அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. ஒரு நகராட்சி குடிநீர்க் குழாய் வாங்கும்போது அந்த விலைக்குள் எவ்வளவு வரி இருக்கிறது? எந்தத் தாளைக் காட்டினால் அது குறையும்? அந்தத் தாளில் யார் கையொப்பமிட வேண்டும்? இந்தப் பதிவு பெரும்பாலும் அந்த மூன்றாவது கேள்வியைப் பற்றியது. பொது நிதி வரலாறு பயிலும் மாணவர்கள் சற்றுப் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன். சட்டப் பிரிவு எண்கள் சில குறுக்கிடும்.

முதலில் அரசமைப்பின் இரண்டு உறுப்புகளை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்போம். 285ஆம் உறுப்பு ஒன்றியத்தின் சொத்துக்கு விலக்களிக்கிறது. மாநிலமோ, மாநிலத்துக்குள் உள்ள எந்த அதிகார அமைப்புமோ அதன்மீது வரி விதிக்க முடியாது. 289ஆம் உறுப்பு மாநிலத்தின் சொத்துக்கும் வருமானத்துக்கும் ஒன்றிய வரியிலிருந்து விலக்களிக்கிறது. நகராட்சியும் ஊராட்சியும் இவற்றுள் எங்கே இருக்கின்றன? 285இல் ‘மாநிலத்துக்குள் உள்ள அதிகார அமைப்பு’ என்ற சொற்களுக்குள், வரி விதிக்கக் கூடாதவராக இருக்கின்றன. விலக்குப் பெறுவோரைக் கூறும் 289இல் அவை இல்லை. தடையை ஏற்கும் இடத்தில் உள்ளாட்சி அரசோடு சேர்க்கப்பட்டது. சலுகையைப் பெறும் இடத்தில் விடுபட்டது. அடிப்படை உரிமைகளுக்காக ‘அரசு’ என்பதை வரையறுக்கும் 12ஆம் உறுப்பிலும் உள்ளாட்சி அமைப்புகள் அரசாங்கத்துக்கு வெளியே தனிச் சொல்லாகவே நிற்கின்றன. குடிமகன் வழக்குத் தொடுக்கும்போது நகராட்சி அரசுதான். கடையில் பொருள் வாங்கும்போது அது அரசல்ல.

இந்த ஏற்பாடு 1950இல் புதிதாகப் பிறந்ததல்ல. 1881ஆம் ஆண்டின் நகராட்சி வரிவிதிப்புச் சட்டம், அரசு செலுத்த வேண்டிய நகராட்சி வரியை வசூலிக்கக் கூடாதென்று ஆணையிடும் அதிகாரத்தை மேலிருந்த அரசுக்குத் தந்தது. 1941ஆம் ஆண்டின் இருப்புப்பாதைகள் மீதான உள்ளாட்சி வரிவிதிப்புச் சட்டம், எந்த வரி எந்த அளவுக்கு இரயில்வேயைத் தொடலாம் என்பதை மத்திய அரசின் அறிவிக்கைக்கு உட்படுத்தியது. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தில் 154, 155ஆம் பிரிவுகள் கூட்டாட்சி அரசுக்கும் மாகாணங்களுக்கும் இடையே விலக்கைப் பங்கிட்டன. அங்கும் உள்ளாட்சி தனித் தரப்பாக இடம்பெறவில்லை. ஆக, விலக்கு என்பது மேலிருப்பவர் கீழிருப்பவரிடம் கொண்ட பாதுகாப்பாகவே தொடங்கியது. கீழிருப்பவர் மேலிருப்பவரிடம் அதே பாதுகாப்பைக் கேட்கலாம் என்ற எண்ணம் அந்தச் சட்டங்களில் எங்கும் தென்படவில்லை.

மாநிலங்களுக்குக் கிடைத்த 289ஆம் உறுப்பின் கவசமும் கொள்முதலைப் பொறுத்தவரை விரைவிலேயே துளைக்கப்பட்டது. சுங்கச் சட்டத்தின் 20ஆம் பிரிவு 1951ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், மாநில அரசு வணிகத்துக்காகப் பயன்படுத்தும் பொருள்களுக்கு மட்டும் தீர்வை விதித்தது. வணிகமல்லாத பயன்பாட்டுக்கான பொருள்களுக்கும் சுங்கத் தீர்வையும் கலால் தீர்வையும் விதிக்கும் வகையில் சட்டத்தைத் திருத்த மத்திய அரசு விரும்பியது. அது 289ஆம் உறுப்புக்கு முரணாகுமா என்ற ஐயத்தைக் குடியரசுத் தலைவர் 143ஆம் உறுப்பின்கீழ் உச்ச நீதிமன்றத்திடம் கேட்டார். ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து 1963 மே மாதத்தில் கருத்துரைத்தனர். ஐவர் ஒருபுறம், நால்வர் மறுபுறம்.

தலைமை நீதிபதி பி.பி. சின்ஹாவும் அவருடன் மூவரும் எடுத்த நிலைப்பாட்டின் சாரம் இது: விலக்கு சொத்தின் மீதான வரிக்குத்தான். கலால் என்பது உற்பத்தி என்னும் செயலின் மீதான தீர்வை. சுங்கம் என்பது இறக்குமதி, ஏற்றுமதி என்னும் செயலின் மீதான தீர்வை. பொருள் மாநிலத்துடையதாக இருப்பதால் செயலின் மீதான தீர்வை நீங்கிவிடாது. சென்னையைச் சேர்ந்த நீதிபதி என். இராஜகோபால அய்யங்கார் தனியாகத் தீர்ப்பெழுதி அதே முடிவுக்கு வந்தார். பெரும்பான்மை அதனால்தான் ஐந்தாயிற்று. எஸ்.கே. தாஸ் முதலிய மூவரும், தனியே எழுதிய ஹிதாயத்துல்லாவும் மாறுபட்டனர். ‘சொத்து’ என்ற சொல்லை அரசமைப்பு எந்தக் குறுக்கமும் இன்றிப் பயன்படுத்தியிருக்கும்போது, பொருளை வரித்துவிட்டு அதைச் சொத்து வரியல்ல என்று சொல்வது விலக்கை வெறும் ஓடாக்கிவிடும் என்பதே அவர்களது கவலை. கருத்தளவில் சிறுபான்மையின் வாதமே எனக்கு வலுவாகத் தோன்றுகிறது. ஆனால் இங்கே வேண்டியது அந்த விவாதமன்று, அதன் விளைவு. மாநில அரசே வாங்கும் குழாயின் மீதும் கலால் தீர்வை விழும் என்றாகிவிட்டபின், நகராட்சி உரிமையாகக் கேட்பதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

அடுத்த ஆண்டிலேயே இன்னொரு கதவும் மூடியது. ஆந்திரப் பிரதேச மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகத்தின் வருமானம் மாநிலத்தின் வருமானமல்ல என்று 1964இல் உச்ச நீதிமன்றம் கூறியது. சட்டத்தால் படைக்கப்பட்ட தனி ஆள், தன் பெயரில் சொத்து வைத்திருக்கும் ஆள், மாநிலம் ஆகாது. ஆதித்யபூர் தொழிற்பகுதி மேம்பாட்டு ஆணையத்தின் வழக்கில் 2006இலும் இதே தருக்கம் திரும்ப வந்தது. நகராட்சியும் தன் பெயரில் வழக்காடும் தனிச் சட்ட ஆள்தான். தன்னாட்சியின் அடையாளமாக நாம் பெருமையோடு சொல்லும் அந்தத் தனி ஆள்தன்மையே, 289ஆம் உறுப்பின் நிழலுக்குள் அது வரமுடியாமைக்கும் காரணமாயிற்று.

உரிமை இல்லாத இடத்தில் சலுகை வந்தது. சலுகையோடு சான்றிதழும் வந்தது.

சான்றிதழ்களுள் பெயர்பெற்றது மத்திய விற்பனை வரியின் டி படிவம். மாநிலங்களுக்கு இடையிலான விற்பனைக்கு வரி விதித்த 1956ஆம் ஆண்டுச் சட்டம் இரு வகை வாங்குவோருக்குச் சலுகை வீதம் தந்தது. பதிவுபெற்ற வணிகர் ஒருவகை, அரசாங்கம் மற்றொரு வகை. 1957ஆம் ஆண்டு விதிகளின்கீழ் வணிகர் தர வேண்டியது சி படிவம், அரசாங்கம் தர வேண்டியது டி படிவம். விதிகளின் சொல்லாட்சியைக் கவனியுங்கள். வணிகர் தருவது உறுதிமொழி; அரசு தருவது சான்றிதழ். வணிகர் தன்னைப் பற்றி உறுதி கூறுகிறார், அதைப் பிறர் சரிபார்க்கலாம். அரசு அலுவலரோ சான்றளிக்கிறார். அவருடைய முத்திரையும் பதவிப் பெயருமே சரிபார்ப்பு. அந்தப் படிவத்தின் உள்ளடக்கம் மிகச் சுருக்கமானது. குறிப்பிட்ட கொள்முதல் ஆணையின்படி வழங்கப்பட்ட பொருள்கள் இன்ன அரசாங்கத்தால் அல்லது அதன் சார்பில் வாங்கப்பட்டவை என்று அதிகாரம் பெற்ற அலுவலர் ஒருவர் எழுதித் தருவார். அவ்வளவுதான்.

பணத்தின் அளவு அற்பமல்ல. மத்திய விற்பனை வரியின் சலுகை வீதம் 1975 முதல் 2007 வரை 4 சதவீதம். சான்றிதழ் இல்லாவிட்டால் பொதுவாக 10 சதவீதம், அல்லது விற்கும் மாநிலத்தின் உள்ளூர் வீதம் அதைவிட உயர்ந்திருந்தால் அந்த வீதம். வெளிமாநிலத்திலிருந்து நீரேற்று இயந்திரமோ மின்மாற்றியோ வாங்கும் ஒரு துறைக்கு இந்த 6 சதவீத இடைவெளி ஒப்பந்தப்புள்ளியின் வரிசையையே மாற்றிவிடக் கூடியது.

சட்டத்தில் இருந்த சொல் ‘அரசாங்கம்’. அது மத்திய அரசின் அமைச்சகம், மாநில அரசின் துறை ஆகியவற்றைக் குறித்தது. உள்ளாட்சி அமைப்பைக் குறிக்கவில்லை. மாநிலப் பொதுப்பணித் துறை ஒரு நகரத்துக்காக நீரேற்றி வாங்கினால் 4 சதவீதம். அதே நகரத்தின் நகராட்சி அதே நிறுவனத்திடமிருந்து அதே நீரேற்றியைத் தானே வாங்கினால் முழு வீதம். நிதிக் காரணங்களால் மட்டுமே ஒரு பணியை நகராட்சியிடமிருந்து துறைக்கு நகர்த்தும் ஊக்கம் இப்படித்தான் உருவாகிறது. மாநிலத் துறைகளும் வாரியங்களும் உள்ளாட்சியின் பணிகளை ஏன் விழுங்கின என்று ஆராய்வோர் அரசியல் காரணங்களையே அடுக்குகிறார்கள். கொள்முதல் வரி என்னும் சிறு காரணத்தையும் அந்தப் பட்டியலில் எங்காவது ஓர் ஓரத்தில் சேர்த்துப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். அதற்கு எவ்வளவு எடை என்பதை மாவட்ட அளவில் கோப்புகளைப் பார்த்தே சொல்ல முடியும்.

நடைமுறையில் எல்லைக்கோடு இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. அரசாங்கம் அல்லாத அமைப்புகள் தந்த டி படிவங்களை ஏற்று வரியைக் குறைத்து மதிப்பிட்டதாக இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் மாநில வருவாய் அறிக்கைகள் சுட்டிக்காட்டியிருக்கின்றன. வாரியங்களும் கழகங்களும் தம்மை அரசு என்று நம்பியே முத்திரை குத்தின. இதில் மோசடி எண்ணத்தைத் தேடுவதைவிட, ஊர்மக்களின் பார்வையில் அரசு என்பது எங்கே முடிகிறது என்ற கேள்வியைத் தேடுவது பயனுள்ளது.

டி படிவம் 2007 ஏப்ரல் 1 அன்று மறைந்தது. மத்திய விற்பனை வரியைப் படிப்படியாகக் குறைத்து ஒழிக்கும் திட்டத்தின் முதற்படியாக 4 சதவீதம் 3ஆகக் குறைக்கப்பட்டது. அதனால் மாநிலங்களுக்கு நேரும் இழப்பை ஈடுசெய்யும் வழிகளுள் ஒன்றாக அரசாங்கக் கொள்முதலுக்கான சலுகை நீக்கப்பட்டது. அரசுகள் தாமே தமக்கு இழப்பீடு கொடுத்துக்கொண்ட கதை அது. நகராட்சிகளுக்கு அன்று எதுவும் மாறவில்லை. இல்லாத சலுகை நீங்குவதால் யாருக்கும் வலிப்பதில்லை.

உள்ளாட்சிக் கொள்முதலை உண்மையில் தொட்ட சான்றிதழ் வேறொன்று. குடிநீர்த் திட்டங்களுக்கான கலால் விலக்கு அது. 2002 செப்டம்பரில் வெளியான அறிவிக்கை ஒன்று, நீர் சுத்திகரிப்பு நிலையம் அமைக்கத் தேவையான இயந்திரங்களுக்கும், நீர் ஆதாரத்திலிருந்து நிலையத்துக்கும் அங்கிருந்து சேமிப்பு இடத்துக்கும் நீர் கொண்டுசெல்லும் குழாய்களுக்கும் கலால் தீர்வையை நீக்கியது. அன்றைய பொதுவான வீதம் 16 சதவீதம் என்பதால் இது பெரிய சலுகை. நிபந்தனை ஒன்று உண்டு. குழாய்கள் அந்தப் பயன்பாட்டுக்காகவே ஆலையிலிருந்து வெளியேறுகின்றன என்று, நிலையம் அமையும் மாவட்டத்தின் ஆட்சியர் சான்றளிக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் கலால் துறையின் உதவி ஆணையரிடமோ துணை ஆணையரிடமோ சேர வேண்டும்.

திட்டம் நகராட்சியினுடையது. ஒப்பந்தப்புள்ளி கோருவது நகராட்சி. குழாய் எங்கே புதையும் என்று அறிந்தவர் நகராட்சிப் பொறியாளர். ஆனால் சான்றளிக்கும் தகுதி ஆட்சியருக்கே. தன் குழாய் தன் ஊருக்குத்தான் என்று சொல்லும் தகுதி நகராட்சிக்கு இல்லை. 73, 74ஆம் திருத்தங்கள் 1993இல் நடைமுறைக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து எழுதப்பட்ட அறிவிக்கை இது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இந்த விலக்கின் எல்லை எங்கே போடப்பட்டது என்பதும் படிக்கத்தக்கது. அறிவிக்கையின் சொற்கள் சேமிப்பு இடத்தோடு நின்றுவிட்டன. ஆற்றிலிருந்து நிலையத்துக்கு வரும் பெருங்குழாய்க்கு விலக்கு உண்டு. மேல்நிலைத் தொட்டிவரை உண்டு. தொட்டியிலிருந்து தெருவுக்கு இறங்கும் குழாய்க்கு இல்லை. ‘சேமிப்பு இடம்’ எது என்பதே வழக்காடு பொருளாயிற்று. 2007இல், குடிநீர்த் திட்டத்தின் பிரிக்க முடியாத பகுதியாக இருக்கும் குழாய்களுக்கு விலக்கு நீட்டப்பட்டது. ஆனால் புறவிட்டம் 20 சென்டிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். 2009 இறுதியில் அது 10 சென்டிமீட்டர் ஆயிற்று. சந்தையில் கிடைக்கும் பிவிசி குழாய் அளவுகளைத் தெரிந்தவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். 110 மில்லிமீட்டர் குழாய்க்கு விலக்கு, 90 மில்லிமீட்டருக்கு இல்லை. சிறு தெருக்களிலும் சிற்றூர்களிலும் போடப்படுபவை பெரும்பாலும் 63, 75, 90 மில்லிமீட்டர் குழாய்களே. பெருந்திட்டம் நடத்துவோருக்கு விலக்கு சென்றது. ஊராட்சியின் சிறு விரிவாக்கப் பணி வரி கட்டியது. யாரும் ஊராட்சிக்கு எதிராகத் திட்டமிட்டு இதைச் செய்யவில்லை. தில்லியிலிருந்து பார்க்கும்போது வீட்டுப் பயன்பாட்டுக் குழாயையும் திட்டக் குழாயையும் பிரிக்க விட்டம் ஓர் எளிய அளவுகோல். சிறுகுழாய்க்கு விலக்கு தந்தால் அது எங்கெல்லாம் ஒழுகும் என்ற அச்சமும் நியாயமானதே. உள்ளாட்சியின் சொந்தச் சான்றை நம்ப முடிந்திருந்தால் விட்டத்தை நம்ப வேண்டியிருந்திருக்காது.

விலக்கு என்ற சொல்லும் முழு உண்மையல்ல. குழாய் ஆலை, விலக்குள்ள பொருளையும் தீர்வையுள்ள பொருளையும் ஒரே மூலப்பொருளில் செய்து, தனிக் கணக்கு வைக்காவிட்டால், விலக்குள்ள பொருளின் விலையில் ஒரு பங்கைச் செலுத்த வேண்டும் என்று உள்ளீட்டு வரி வரவு விதிகள் கூறின. முதலில் 8 சதவீதம், 2004 முதல் 10 சதவீதம். தனிக் கணக்கு வைத்தாலும் மூலப்பொருளின் மீதான வரவை இழக்க நேரிடும். எந்த வழியிலும் அந்தச் செலவு விலைக்குள்தான் போய்ச் சேரும். ஆட்சியரின் சான்றிதழைக் கையில் வைத்திருந்த நகராட்சி, ‘தீர்வை இல்லை’ என்று எழுதிய விலைப்பட்டியலுக்குள் மறைந்திருந்த தீர்வையைச் செலுத்தியது.

2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது இந்தச் சான்றிதழ்கள் ஒரே நாளில் பழங்காகிதமாயின. நகராட்சி வாங்கும் பொருளுக்கு இப்போது பொதுவான வீதமே பொருந்தும். அந்த வரியை அது திரும்பப் பெறவும் முடியாது. குடிநீரும் துப்புரவும் வரிக்குட்பட்ட விற்பனையல்ல; ஆகவே உள்ளீட்டு வரி வரவுக்கு வழியில்லை. கட்டுமானப் பணிகளில் இதன் எடை கூடுதல். அரசுக்கும் உள்ளாட்சிக்கும் செய்யப்படும் பலவகைப் பணி ஒப்பந்தங்களுக்கு 2017 ஆகஸ்டில் 18 சதவீதம் 12ஆகக் குறைந்தது. 2022 ஜூலை 18 அன்று மீண்டும் 18 ஆயிற்று. 1 கோடி ரூபாய்ப் பணிக்கு 12 லட்சமாக இருந்த வரி 18 லட்சமாகிறது. அதில் பாதி ஒன்றியத்துக்கு, பாதி மாநிலத்துக்கு. நிதி ஆணையத்தின் மானியமாக ஊருக்கு வரும் தொகையில் ஒரு பங்கு ஒப்பந்தக்காரரின் பட்டியல் வழியாக வந்த இடத்துக்கே திரும்புகிறது. மானியத்தின் அளவைப் பேசும் கட்டுரைகள் இந்தத் திரும்பு பாதையைக் கழித்துச் சொல்வது அரிது.

சேவைகளில் மட்டும் ஒரு விலக்கு உள்ளது. அது வரலாற்று மாணவருக்குச் சுவையானது. 243ஜி, 243டபிள்யூ உறுப்புகளின்கீழ் ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் ஒப்படைக்கப்பட்ட பணிகள் தொடர்பான தூய சேவைகளுக்கு வரி இல்லை. பொருளின் மதிப்பு 25 சதவீதத்தை மிஞ்சாத கலப்பு வழங்கலுக்கு இதே விலக்கு 2018 ஜனவரியில் வந்தது. பதினோராம் அட்டவணையின் 29 இனங்களும் பன்னிரண்டாம் அட்டவணையின் 18 இனங்களும் அதிகாரப் பகிர்வுக்கான பட்டியலாக எழுதப்பட்டவை. மாநிலங்கள் அவற்றை ஒப்படைத்தனவா இல்லையா என்று முப்பதாண்டுகளாக விவாதித்து வருகிறோம். முன்தீர்ப்பு ஆணையங்களில் இப்போது அதே பட்டியல் வரிவிலக்கின் பட்டியலாகப் புரட்டப்படுகிறது. பெரும்பாலும் இனம் அட்டவணையில் இருக்கிறதா என்பதே அங்கே கேள்வி. அதிகாரம் சென்று சேராத இடங்களிலும் அட்டவணை வரிவிலக்காகச் சென்று சேர்ந்திருக்கிறது.

2022 ஜனவரி முதல் இந்த விலக்கிலிருந்து ‘அரசு சார் அதிகார அமைப்பு’ என்ற வகை நீக்கப்பட்டு, ஒன்றியம், மாநிலம், ஒன்றியப் பகுதி, உள்ளாட்சி ஆகியவை மட்டும் எஞ்சின. டி படிவக் காலத்தில் வாசலுக்கு வெளியே நின்ற நகராட்சி இங்கே உள்ளே இருக்கிறது. வாரியங்கள் வெளியே போயின. 2023 அக்டோபரில் நீர் வழங்கல், பொதுச் சுகாதாரம், துப்புரவு, திடக்கழிவு மேலாண்மை, குடிசைப் பகுதி மேம்பாடு ஆகிய ஐந்து பணிகளுக்கு மட்டும் அவை திரும்ப அழைக்கப்பட்டன.

பிற நாடுகள் இதை வேறுவிதமாகக் கையாண்டிருக்கின்றன. அமெரிக்காவின் பல மாநிலங்களில் நகரத்தின் கொள்முதல் அலுவலரே விற்பனை வரி விலக்குச் சான்றிதழில் கையொப்பமிட்டுக் கடைக்காரரிடம் தருகிறார். கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களில் உள்ளாட்சிக்கு அந்த விலக்கே கிடையாது. பிரிட்டனில் சான்றிதழ் தேவையில்லை. உள்ளாட்சி மன்றம் மதிப்புக் கூட்டு வரியைக் கட்டிவிட்டு 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவின்கீழ் திரும்பப் பெறுகிறது. உள்ளூர் வரி செலுத்துவோரின் மீது மத்திய வரி ஏறி உட்காரக் கூடாது என்பது அதன் பின்னுள்ள எண்ணம். கனடா 2004 பிப்ரவரியில் நகராட்சிகளுக்கான சரக்கு-சேவை வரித் திருப்பத்தை முழு 100 சதவீதமாக்கியது. நம் விவாதங்களில் திருப்பித் தரும் இந்த முறை அதிகம் பேசப்படவில்லை.

நம் நகராட்சி அலுவலருக்கு இன்று கையொப்பமிடும் உரிமை முற்றிலும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2018 அக்டோபர் முதல், இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட ஒப்பந்தங்களில் வழங்குநருக்குத் தர வேண்டிய தொகையிலிருந்து 2 சதவீதத்தைப் பிடித்தம் செய்து செலுத்த வேண்டிய பொறுப்பு 51ஆம் பிரிவின்கீழ் உள்ளாட்சிக்கும் உண்டு. மாதந்தோறும் அதற்கான படிவத்தைத் தாக்கல் செய்பவர் அவர்தான்.